தொடக்கநிலை வகுப்பில் மின்னிலக்கக் கதைசொல்லல்: கேள்வி பதில்

ஐபேடில் கதை உருவாக்கும் செயலிகளைத் தமிழ் வகுப்பில் பயன்படுத்துவது குறித்துச் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு, நெடுங்காலம் தொடக்கநிலை வகுப்புகளில் தமிழ் கற்பித்த ஆசிரியை ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: தொடக்கநிலை 1 மாணவர்களுக்கு எந்தச் செயலியில் தொடங்கலாம்?

ஸ்கிராட்ச் ஜூனியரில் தொடங்குங்கள். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காக 2014இல் வெளிவந்த இந்தச் செயலியில், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும் படக் கட்டங்களை வரிசையாகக் கோத்துப் பாத்திரங்களை நடக்க வைக்கலாம். தன் குரலையும் பதிவு செய்யலாம். ஒரு கதைக்கு நான்கு பக்கங்கள்தான் கிடைக்கும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால், ஆறு வயதுப் பிள்ளை ஒரு கதையைத் தொடங்கி, சிக்கலில் மாட்டி, தப்பிக்க முயன்று, முடித்து வைப்பதற்கு நான்கு பக்கம் மிகச் சரியான அளவு என்பது என் கருத்து.

கேள்வி: இரண்டு பாடவேளையும் பாத்திரத்துக்கு நிறம் தீட்டுவதிலேயே போய்விடுகிறது. கதையே வருவதில்லை. என்ன செய்வது?

நானும் முதன்முறை வகுப்புத் தொடங்கியவுடன் கருவிகளைக் கையில் கொடுத்து இதே நிலைக்கு ஆளானேன். அதன்பிறகு முதல் பாடவேளையில் ஐபேடை வெளியே எடுப்பதையே நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து கதையை வாயால் சொல்ல வேண்டும், கேட்பவர் "அப்புறம்?" என்று மட்டும் கேட்க வேண்டும். பிறகு நான்காக மடித்த தாளில் கோட்டோவியமாக வரைய வேண்டும். அந்தத் தாளைப் பார்த்துக் கதையைத் தடங்கலின்றிச் சொல்லி முடித்தவருக்குத்தான் கருவி. கதை மனத்தில் இருந்துவிட்டால் நிறம் தீட்டுவது தானாகவே குறைந்துவிடும்.

கேள்வி: வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள், தமிழில் பதிவு செய்யும்போது பாடப்புத்தகம் வாசிப்பதுபோல ஒப்பிக்கிறார்கள். எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா, எதைக் கேட்க வேண்டும்?

என் மனத்துக்கு மிக நெருக்கமான கேள்வி இது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கு வசிக்கும் 5 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். ஆகவே, பல பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும் முதன்மையான இடம் நம் வகுப்பறைதான். 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் உரிய இடம் தரச் சொன்னது. கதை சொல்பவரின் பகுதி எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பாத்திரங்கள் மட்டும் பேச்சுத் தமிழில் பேசட்டும். தேக்கா சந்தையில் பேரனைத் தேடும் பாட்டி, "நீ எங்கே சென்றாய்?" என்று கேட்டால் எந்தக் குழந்தைக்கும் அது பாட்டியாகத் தோன்றாது, "எங்கடா போன, உன்ன எங்கெல்லாம் தேடுறது!" என்றவுடன் குரலில் கோபமும் பாசமும் தாமாகவே ஏறிவிடும்.

பதிவைப் பிள்ளையே திரும்பக் கேட்கட்டும். "மழை" என்பதை "மளை" என்று சொன்ன மாணவியை நான் திருத்தவில்லை. அவள் குரலை அவளுக்கே போட்டுக் காட்டினேன். மூன்று முறை அழித்துப் பதிந்து, நான்காம் முறை சரியாகச் சொன்னாள்.

கேள்வி: தமிழில் தட்டச்சு செய்ய எப்போது பழக்கலாம்?

தொடக்கநிலை 3 வரை காத்திருங்கள். அப்போதும் பக்கத்துக்கு ஒரு வாக்கியம் போதும். ஐபேடில், ஆங்கில எழுத்துகளின் ஒலிப்படி தட்டும் அஞ்சல், தமிழ் எழுத்துகளே விசைகளாக உள்ள தமிழ்99 என்னும் இரு விசைப்பலகைகளும் உள்ளன. நான் தமிழ்99ஐயே பரிந்துரைப்பேன். ககர விசையைத் தட்டி, ஆகார விசையைத் தட்டினால் "கா" வருகிறது. உயிர்மெய் எழுத்து உருவாகும் விதம் விரலுக்கே புரிந்துவிடுகிறது.

கேள்வி: படத்தையும் கதையையும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கலாமா? என் மகன் கேட்கிறான். (ஒரு தந்தை)

வேண்டாம். சாட்ஜிபிடி போன்ற சேவை 13 வயதுக்கு உட்பட்டோருக்கு உரியதன்று. உங்கள் மகன் தாளில் வரைந்த கோணல்மாணலான பூனையையே படமெடுத்துக் கதையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வகுப்பில் வாயே திறக்காத மாணவனை எப்படிச் சேர்ப்பது?

முதலில் பூனை "மியாவ்" என்று கத்தும் ஒலியை மட்டும் அவனிடம் கேளுங்கள். நூலக மூலையிலோ படிக்கட்டிலோ தனியாகப் பதிவு செய்ய விடுங்கள். அதை வகுப்பில் ஒலிக்கவிடும் முன் அவனிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் வற்புறுத்தாமல், அடுத்த கதையில் அதே பூனைக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுங்கள்.