போனில் அசையாமல் உட்காருகிறான், வகுப்பில் ஏன் முடியவில்லை?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. எதையும் பாதியில் விட்டுவிடுகிறான், எழுந்து எழுந்து ஓடுகிறான் என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்புகிறார். ஏ.டி.எச்.டி.யாக, அதாவது கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த பிரச்சினையாக இருக்கலாமாம். ஆனால் போன் கொடுத்தால் ஒரு மணி நேரம் அசைய மாட்டான். மாமியாரோ, “இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான்” என்கிறார். மூளை ஸ்கேன் எடுத்துவிடலாமா? – பெரம்பூர் வாசகி

பதில்: ஸ்கேன் வேண்டாம். ஏ.டி.எச்.டி. ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ தெரியாது. விளையாடும்போதே சில நொடிகள் வெறித்து நின்று, கூப்பிட்டாலும் தொட்டாலும் உணராமல் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், அதற்கு மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. தேவை.

போனில் காட்சி நொடிக்கு நொடி மாறுகிறது, ஜெயித்தால் உடனே பாயிண்ட் கிடைக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகள் தடுமாறுவது சுவாரஸ்யமில்லாத வேலையில்தான். அதனால் போனை மட்டும் வைத்து, ஏ.டி.எச்.டி. இருக்கிறது, இல்லை என்று எதையும் சொல்ல முடியாது. உங்கள் மாமியார் சொன்னதை மட்டும் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். இது பரம்பரையாக வரக்கூடியது. அவர் சமாதானமாகச் சொன்னது எங்களுக்கு ஒரு தடயம்.

கவனக்குறைவுக்கு ஒன்பது, துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது என அறிகுறிப் பட்டியல்கள் உண்டு. ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு பொருந்தி, 6 மாதமாவது நீடித்து, 12 வயதுக்கு முன்பே தொடங்கி, படிப்பையோ பழக்கத்தையோ பாதித்திருக்க வேண்டும். முக்கியமாக, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் என்றால் எனக்கு முதலில் வாசிப்புக் குறைபாட்டின் மேல்தான் சந்தேகம் வரும். எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளை வேறு என்ன செய்வான், பக்கத்துப் பையனைச் சீண்டுவான். காது, கண் பரிசோதனையும் அவசியம். ராத்திரி வாயைத் திறந்து குறட்டை விடுகிறானா என்றும் பாருங்கள். மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கித் தூக்கம் கெட்டாலும் பகலில் இதே ஆட்டம்தான்.

டாக்டரிடம் போகும்போது பள்ளி நோட்டுகளைக் கொண்டுபோங்கள். மார்க் ஷீட்டைவிட அவைதான் பேசும். முதல் நாலு வரி மணிமணியாக இருக்கும், ஐந்தாவது வரி பாதியில் நிற்கும். கூட்டல் தெரிந்த பிள்ளை கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டியிருப்பான். டாக்டர் தரும் கேள்விப்படிவத்தை நீங்கள் தனியாகவும் மிஸ் தனியாகவும் நிரப்புங்கள், கலந்து பேசிக்கொள்ள வேண்டாம்.

முதலில் உங்கள் குழந்தைகள் நல டாக்டர், பிறகு குழந்தைகள் மனநல மருத்துவர். பெரம்பூரிலிருந்து எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை பக்கம்தான். பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு மாத்திரை எழுதும் இடமாக இருந்தால், தயங்காமல் இன்னொருவரிடம் காட்டுங்கள். மாத்திரை கெட்டது என்பதல்ல, தேவைப்படும் பிள்ளைக்கு அது நன்றாகவே உதவும். பசி குறையலாம், அதனால் எடை, உயரம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொண்டே கொடுப்போம். அதோடு, பிள்ளையைக் கையாளும் விதம் பற்றி உங்களுக்கும் பயிற்சி தருவார்கள். அதற்கு அவன் அப்பாவையும் கூட்டிப்போங்கள்.