பின் ஆக்சில் இரைச்சல்: கிரவுன்–பினியனை மாற்றுவதற்கு முன்

கேள்வி: என்னிடம் இருப்பது இருபது ஆண்டுப் பழைய நான்கு சக்கர இயக்க பிக்கப் வண்டி. 60 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் பின்புறத்தில் ஊளையிடுவது போன்ற இரைச்சல் எழுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. கிரவுன்–பினியனை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: மிதிக்கும்போது எழுந்து காலை எடுத்ததும் அடங்கும் ஊளை, பெரும்பாலும் கிரவுன்–பினியன் (எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களின் பக்கம் திருப்பிவிடும், பெரிய கிரவுனும் சிறிய பினியனும் சேர்ந்த பல்சக்கர ஜோடி) பற்களிலிருந்துதான் வரும், உங்கள் மெக்கானிக் காரணமில்லாமல் சொல்லவில்லை. ஆனாலும், அந்தப் பற்கள் ஏன் சத்தமிடத் தொடங்கின என்று பார்க்காமல் அவற்றை மட்டும் மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். பினியன் பேரிங் தேய்ந்து தளர்ந்தால் பினியன் தன் இடத்திலிருந்து நகர்கிறது; பற்கள் ஒன்றோடொன்று படியும் இடமும் மாறிவிடுகிறது. அந்த பேரிங்கை அப்படியே விட்டுப் புதிய பற்களைப் பொருத்தினால், அவையும் விரைவில் ஊளையிடும்.

முதலில் டிஃபரென்ஷியல் (பின் ஆக்சிலின் நடுவே இந்தப் பற்கள் இருக்கும் பகுதி) ஆயிலைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க முடிகிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே வடிக்கும் மூடியைத் தொடுங்கள். பெரும்பாலான ஆக்சில்களில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் நிற்க வேண்டும். வடிக்கும் மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போலப் படிந்திருக்கும் மிக நுண்ணிய துகள் இயல்பானது. விரலில் நெருடும் செதில்களோ உடைந்த பல் துண்டோ இருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டக்கூடாது. ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆக்சிலின் பிரீதர் (காற்று வெளியேறும் சிறு வழி) அடைபட்டால் உள்ளழுத்தம் கூடி, ஆயில் சீல் வழியே கசிவு தொடங்கும் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீண்ட தண்டு) டிஃபரென்ஷியலோடு சேரும் இடத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சுற்றும் திசையில் சிறிது ஆட்டம் இருக்கலாம். மேலும் கீழும் ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது என்று பொருள். அந்தத் தண்டின் மடங்கும் இணைப்பான யூ ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஆனால் அது பொதுவாக ஊளையாக வராது, கியர் மாற்றும்போது ‘டொக்’ என்று கேட்கும்.

சக்கர பேரிங்கின் உறுமல், மிதிப்பதைவிட வளைவதையே அதிகம் சார்ந்தது: வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கம் ஏறுவதால், அப்போது சத்தம் கூடினால் இடப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். சாலையின் பரப்பு மாறியதும் சத்தமும் மாறினால் டயர்தான் காரணம். நான்கு சக்கர இயக்கத்தில் போட்டால் மட்டுமே வரும் இரைச்சல் என்றால், முன் ஆக்சிலையும், முன் பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் பார்க்க வேண்டும். ஒலி வண்டியின் அடிச்சட்டத்தின் வழியே பரவுவதால் அது பின்னாலிருந்து வருவதுபோலவே கேட்கும்.

ஒரு எச்சரிக்கை: பின்பக்கத்தை மட்டும் தூக்கி எஞ்சினால் சக்கரங்களைச் சுழற்றிக் கேட்கும் சோதனையை, எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வகை வண்டியில் செய்யவே வேண்டாம், முன் சக்கரங்கள் இழுத்து, வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும்.

கிரவுன்–பினியனை மாற்றத்தான் வேண்டும் என்று உறுதியானால், இரண்டையும் ஒரே ஜோடியாக, பேரிங், சீல் எல்லாவற்றோடும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் பற்களில் சாயம் தடவி, அவை ஒன்றோடொன்று படியும் தடம் சரியாக விழுந்திருக்கிறதா என்பதை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.