ஐந்து அங்குல டிரோனும் ஃபார்முலா 1 காரும்: வகுத்தலில் பிழை இல்லை

வணக்கம். ஐந்து அங்குல விட்டமுள்ள விசிறிகள் கொண்ட 700 கிராம் பந்தய டிரோன் 22 வோல்ட்டில் 100 ஆம்பியர் இழுக்கிறது, ஆகவே கிலோவுக்கு 3.1 கிலோவாட், 800 கிலோ ஃபார்முலா 1 காருக்கோ 0.93தான், எங்கே தவறினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். வகுத்தலில் பிழை இல்லை. வகுபடும் எண்தான் கொஞ்சம் ஏமாற்றுகிறது.

காருக்கு நீங்கள் எடுத்த 1000 குதிரைத்திறன், எந்திரம் வெளியே தருவது. டிரோனுக்கு எடுத்ததோ பேட்டரியிலிருந்து உள்ளே போவது. அவ்வளவு மின்னோட்டத்தில் பேட்டரி 22 வோல்ட்டில் நிற்காது, 19க்குச் சரியும். அதில் முக்கால் பங்கு மோட்டார் தண்டுக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள்: கிலோவுக்கு 2 கிலோவாட். அதுவும் 1300 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி என்றால் முக்கால் நிமிடத்தில் காலி. கார் பந்தயம் முழுக்க ஓடியாக வேண்டும்.

அப்படியும் டிரோன் இரு மடங்கு முன்னால் நிற்கிறதே என்பீர்கள். அது சிறிய உருவத்துக்குக் கிடைக்கும் சலுகை. எல்லா அளவுகளையும் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். வெப்பம் வெளியேறும் பரப்பு நான்கு மடங்குதான்; ஆகவே சிறியதுதான் கிலோவுக்கு அதிக வெப்பத்தை வெளியேற்றும். வேகமாகச் சுற்றும் மோட்டார் அதே எடைக்கு அதிகத் திறன் தரும்; விசிறி முனை ஒலியின் வேகத்தை நெருங்கக் கூடாது என்பதால், சிறிய விசிறியால்தான் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்ற முடியும்.

என்னைக் கேட்டால், காரை விட்டுவிட்டு ஹெலிகாப்டரை எடுங்கள். ராபின்சன் ஆர்22 என்ற சிறிய ஹெலிகாப்டரின் அதிகபட்ச எடை 622 கிலோ, சுழலியின் விட்டம் 7.67 மீட்டர், சுழலி சுற்றும் வட்டத்தின் பரப்பில் சதுர மீட்டருக்கு 13.5 கிலோ வருகிறது. உங்கள் டிரோனின் நான்கு விசிறிகளுக்கும் போட்டுப் பார்த்தேன்: 13.8! அந்தரத்தில் நிற்கக் கிலோவுக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. ஆகவே கோட்பாட்டளவில், இரண்டுக்குமே கிலோவுக்கு ஏறக்குறைய 73 வாட் போதும். டிரோனில் மிஞ்சுவதில் பெரும்பகுதி குட்டிக்கரணம் போடத்தான்.