அட்டையின் தேதியை இன்றே பாருங்கள்: ஜெர்மனி குடியிருப்பு அனுமதி – கேள்வி பதில்

ஜெர்மனிக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. என்னுடையது, மனைவியுடையது, மகளுடையது என்று ஒன்பது முறை குடியிருப்பு அனுமதியைப் புதுப்பித்திருக்கிறேன். புதிதாக வருகிற நம்மவர்களின் படிவங்களையும் நிரப்பித் தருகிறேன். நான் வழக்கறிஞன் அல்ல. சிக்கல் முற்றியிருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குடியிருப்பு அனுமதி அட்டை இன்னும் மூன்று வாரத்தில் முடிகிறது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நான்கு மாதம் கழித்துத்தான் நேரம் கிடைக்கிறது. அதுவரை நான் சட்டவிரோதமாக இருப்பேனா? (மியூனிக்)

இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அட்டை முடிவதற்கு முன் விண்ணப்பம் அலுவலகத்தின் கைக்குப் போயிருக்க வேண்டும். அப்படிப் போய்விட்டால், முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி அதே உரிமைகளோடு தொடர்வதாகச் சட்டம் கருதுகிறது. குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவில் இது இருக்கிறது. வேலையும் தொடரலாம்.

நம்மவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான். “நேரம் வேண்டும்” என்று கேட்பது வேறு, “நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கிறேன்” என்று எழுதுவது வேறு. உங்கள் ஊரில் இணையவழி விண்ணப்பம் இருந்தால் அதையே பயன்படுத்தி, வரும் ஒப்புகையைச் சேமித்து வையுங்கள். இல்லையென்றால் பெயர், பிறந்த தேதி, அட்டை எண், எந்த அனுமதியை நீட்டிக்கக் கேட்கிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் ஜெர்மனில் எழுதிப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். பாஸ்போர்ட் நகல், வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மருத்துவக் காப்பீட்டுச் சான்று, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றையும் இணையுங்கள். ஒரு தாள் குறைகிறது என்பதற்காக விண்ணப்பத்தையே தள்ளிப்போடாதீர்கள். தாளைப் பிறகும் கொடுக்கலாம். போன தேதி திரும்பி வராது.

தேதி தாண்டிவிட்டது. பதினொரு நாள் ஆகிறது. என்ன செய்வது? (டார்ட்மண்ட்)

இதைப் படித்து முடித்ததும் விண்ணப்பத்தை அனுப்புங்கள். தாமதம் கவனக்குறைவால் நேர்ந்தது, அனுமதி அற்றுப்போனால் பெரும் இன்னல் வரும் என்றால், பழைய அனுமதி தொடர்வதாக ஆணையிட அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. அது தானாக நடக்காது, நீங்கள் கேட்க வேண்டும். காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். பயந்து ஒளிந்திருந்தால் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிராகத்தான் சேரும்.

விண்ணப்பித்துவிட்டேன், புதிய அட்டை வரவில்லை. தங்கையின் திருமணத்துக்குத் திருச்சி போய் வரலாமா? (ஸ்டுட்கார்ட்)

ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்று கையில் இருந்தால் போகலாம். கட்டணம் 13 யூரோ. வாங்கியவுடன் பிரித்துப் பாருங்கள். உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவதில், அதாவது ‘குடியிருப்பு அனுமதி தொடர்வதாகக் கருதப்படுகிறது’ என்ற வரியில் குறி இருந்தால்தான் வெளிநாடு போய்த் திரும்பி வரலாம். முதல் கட்டத்தில் குறி இருந்தால் இங்கே தங்கலாமே தவிர, வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப முடியாது. குறி தவறாக விழுந்திருந்தால் அங்கேயே சொல்லித் திருத்தி வாங்குங்கள்.

முடிந்துபோன பழைய அட்டையையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அப்பாவின் திவசத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது, காலாவதியானதுதானே என்று நான் அதை இங்கே மேசை இழுப்பறையில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். சென்னை விமான நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கு, கவுன்ட்டரில் இருந்த பெண் அந்தச் சான்றை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, “இது எதனுடைய நீட்டிப்பு சார்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இருந்தது, அட்டை இல்லை. மனைவி இழுப்பறையைத் திறந்து, இரு பக்கமும் படம் எடுத்து அனுப்பி, மேலதிகாரி வந்து பார்த்த பிறகுதான் விட்டார்கள். பெட்டிகளை ஏற்றும்போது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வேலை போய்விட்டது. ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டு வேலையாட்களுக்கான அனுமதி) இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வேறு வேலை கிடைத்த பிறகு சொன்னால் போதாதா? (பெர்லின்)

போதாது தம்பி. வேலை முன்கூட்டியே முடிகிறது என்று தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நீங்கள் தெரிவிக்க வேண்டும். நிறுவனமும் நான்கு வாரத்துக்குள் தெரிவிக்கும். ஆகவே மறைக்க வழியில்லை. வேலைநீக்கக் கடிதம் கைக்கு வந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் வேலை தேடுபவராகப் பதிந்துவிடுங்கள். கடந்த 30 மாதங்களில் 12 மாதம் வேலையின்மைக் காப்பீடு கட்டியிருந்தால் வேலையின்மைப் பணம் கிடைக்கும். அதை வாங்கினால் அனுமதி பாதிக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது நீங்கள் கட்டிய பணத்தின் உரிமை, அரசு உதவித்தொகை அல்ல. தயங்காமல் வாங்குங்கள்.

நான் குடும்ப அனுமதியில் வந்தவள். “நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன் விசா போய்விடும்” என்று கணவர் அடிக்கடி சொல்கிறார். உண்மையா? (ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

சகோதரி, அவர் சொல்வது போல உங்கள் வாழ்க்கை அவருடைய கையெழுத்தில் இல்லை. ஜெர்மனியில் மூன்று ஆண்டுகள் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தால், பிரிந்த பிறகு உங்கள் பெயரிலேயே தனி அனுமதி கேட்கும் உரிமை பொதுவாக உண்டு. இது குடியிருப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. முதலில் ஓர் ஆண்டுக்குத் தருவார்கள்; அந்த ஓராண்டில் அரசு உதவியில் இருந்தாலும் அது தடையாகாது. வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் மூன்று ஆண்டு நிறைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதை இன்னல் என்று சட்டமே ஏற்கிறது.

உங்கள் பாஸ்போர்ட்டும் அட்டையும் உங்களிடமே இருக்கட்டும். திருமணச் சான்று, முகவரிப் பதிவுச் சான்று ஆகியவற்றின் நகலை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் நடந்ததை எழுத்தில் பதிய வையுங்கள். 116 016 என்ற பெண்களுக்கான உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, ஆங்கிலத்திலும் பேசலாம். அவசரம் என்றால் காவல்துறையின் 110.

முதுநிலைப் படிப்பு இழுக்கிறது, அனுமதி நீட்டிப்பார்களா? (ஆகன்)

படிப்பு நகர்கிறது என்று காட்டினால் நீட்டிப்பார்கள். இதுவரை தேறிய பாடங்களின் பட்டியலோடு, எப்போது முடியும் என்று பேராசிரியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதத்துக்கு எடை அதிகம். செலவுக்கு மாதம் 992 யூரோ என்ற கணக்கில் பணம் காட்டச் சொல்லலாம்.

பாஸ்போர்ட் எட்டு மாதத்தில் முடிகிறது. முதலில் எது? (ஹாம்பர்க்)

பாஸ்போர்ட். அதன் தேதியைத் தாண்டி அட்டை தரமாட்டார்கள். எட்டு மாத அட்டைக்கும் கட்டணம் அதே 93 யூரோதான். ஆனால் அட்டை அதற்கு முன்பே முடிகிறதென்றால் காத்திருக்காமல் விண்ணப்பித்துவிட்டு, புதிய பாஸ்போர்ட்டைப் பிறகு காட்டுங்கள்.

ப்ளூ கார்டில் இரண்டு ஆண்டு ஆகிறது. மறுபடி நீட்டிக்கத்தான் வேண்டுமா? (ஃப்ராங்க்ஃபர்ட்)

உங்கள் ஜெர்மன் மொழி அறிவு பி1 என்ற நடுத்தர நிலையில் இருந்தால் 21 மாதத்திலேயே நிரந்தர அனுமதி கேட்கலாம். ஏ1 என்ற தொடக்க நிலை மட்டும் என்றால் 27 மாதம். அத்தனை மாதமும் ஓய்வூதியக் காப்பீடு கட்டியிருக்க வேண்டும். ‘ஜெர்மனியில் வாழ்க்கை’ என்ற தேர்வில் 33 கேள்விகளுக்கு 15 சரியாக எழுதினால் போதும். பி1 சான்று இருந்தால் நீட்டிப்புப் படிவத்தை மூடிவைத்துவிட்டு நிரந்தர அனுமதிக்கான படிவத்தை எடுங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் மாலை வகுப்புக்குப் போய், ஏ1 தேர்வையாவது எழுதிவிடுங்கள்.