கூகைக்கட்டுக்குப் பிறகு விந்தணு குறைந்திருந்தால்

தம்பி, இரண்டு மாதத்துக்கு முன் கூகைக்கட்டு வந்து வலது விரை வீங்கியது, இப்போது ரிப்போர்ட்டில் மில்லிலீட்டருக்கு 9 மில்லியன்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மனம் உடைய வேண்டாம்.

ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ 74 நாள் எடுக்கும். ஆகவே இப்போது எண்ணியது காய்ச்சல் காலத்துச் சரக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கீழ்வரம்பு 16 மில்லியன். அதற்குக் குறைந்தவர்களுக்கும் பிள்ளை பிறக்கிறது. பெரும்பாலும் ஒரு விரைதான் பாதிக்கப்படும், முழு மலட்டுத்தன்மை அபூர்வம். வீங்கிய விரை இப்போது வழமையான அளவைவிடச் சிறுத்துக்கொண்டு வந்தால் மட்டும் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் விட்டு மூன்று மாதம் தாண்டியதும் மறுபடி விந்தைப் பரிசோதித்துப் பாருங்கள். அதற்கு முன் 2 முதல் 7 நாள் உறவு வேண்டாம். மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். களுவாஞ்சிகுடியில் எடுத்து பஸ்சில் மட்டக்களப்புக்குக் கொண்டுபோகிற வேலை சரிவராது, ஆய்வுகூடத்துக்கே போய்க் கொடுங்கள்.

அப்புறம், ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் கேட்காதீர்கள். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். மனைவியையும் ஒரு தடவை கிளினிக்கில் காட்டுவது நல்லது.