நெப்போலியன் காலத் தளபதியின் தொப்பியை வைத்து அவருடைய நாட்டையும் பதவியையும் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் விளிம்பை முன்னும் பின்னும் மேலே மடித்த இருமுனைத் தொப்பி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். முனைகள் தோள்பக்கம் வரும்படி குறுக்காக வைப்பது பிரெஞ்சு வழக்கம். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் ஒரு முனை நெற்றிக்கு மேலும் மறுமுனை பிடரிப் பக்கமும் வரும்படி வைத்தார். குறுக்குத் தொப்பி குதிரைப் பாய்ச்சலில் காற்றைப் பிடிக்கும் என்பதால் பிரெஞ்சு அதிகாரிகளே அதைத் திருப்பி வைத்துக்கொண்டதும் உண்டு.

முதலில் காக்கேட் எனப்படும் வட்ட நாடாச் சின்னத்தைத் தேடுங்கள். நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றும் இருந்தால் பிரான்ஸ். முழுக் கறுப்பு பிரிட்டன். கறுப்பு வெள்ளை என்றால் ஜெர்மானிய அரசான பிரஷ்யா.

பிறகு இறகு. பிரெஞ்சு முழுச் சீருடையில், படையின் உச்சத் தளபதிகளான மார்ஷல்களுக்குத் தொப்பி விளிம்பு நெடுக வெள்ளை இறகு. அவர்களுக்குக் கீழே உள்ள ஜெனரல்களுக்குக் கறுப்பு. தங்க ஜரிகை இரு தரப்புக்குமே உண்டு, அதனால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. ஆஸ்திரிய ஜெனரலுக்குப் பச்சை இறகுக் கொத்து. ரஷ்ய ஜெனரலுக்கு வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு கலந்து தொங்கும் சேவல் இறகு. பிரிட்டிஷ் ஜெனரலுக்கு மேலே வெள்ளை, அடியில் சிவப்பு.

இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துப்போவது உச்சியில் இருப்பவர்களிடம்தான். நெப்போலியனின் தொப்பியில் ஜரிகையும் இல்லை, இறகும் இல்லை. கறுப்பு ஃபெல்ட் (அழுத்திச் செய்த மயிர்த்துணி), அதில் ஒரு காக்கேட், அவ்வளவே. பாரிஸில் பூப்பார் என்ற கடை அவருக்காகச் செய்தது ஏறத்தாழ 120 தொப்பிகள். பக்கத்தில் நிற்கும் மார்ஷல்களின் பளபளப்புக்கு நடுவே அந்த எளிமைதான் அவரைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்தது. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ரஷ்யத் தளபதி குதூஸோவ் தட்டையான, முன்விளிம்பில்லாத துணித் தொப்பியோடு இருப்பதைப் படங்களில் பார்க்கலாம். பிரிட்டிஷ் ஜெனரல் பிக்டன் 1815இல் வாட்டர்லூவில் சாதாரணக் குடிமக்கள் அணியும் உயரத் தொப்பியோடு போரிட்டு இறந்தார். பிரெஞ்சு மார்ஷல் முரா நேர் எதிர்: விதியில் இல்லாத இறகெல்லாம் அவர் தலையில் இருக்கும்.

 

இன்னொரு சிக்கல் மழை. நனைந்த ஃபெல்ட் விறைப்பை இழந்து தொங்கிவிடும் என்பதால் எண்ணெய்த்துணி உறை போடுவார்கள். உறைக்குள் ஜரிகையும் காக்கேட்டும் மறைந்துபோகும். அப்படிப்பட்ட படத்தில் தொப்பியை விட்டுவிட்டுத் தோள்பட்டியைப் பாருங்கள்: பிரெஞ்சுப் பிரிகேட் ஜெனரலுக்கு 2 நட்சத்திரம், அவருக்கு மேலே உள்ள டிவிஷன் ஜெனரலுக்கு 3.