கிரேஹவுண்ட் எடுக்கப் போகும் தம்பிக்கு

தம்பி, ஒரே மூச்சில் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். மெல்பர்ன் வந்து நாலு மாதம், டான்டினாங் பக்கம் வாடகை வீடு, ஏழு வயது மகள், நாய் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டைத் தத்து எடுக்கலாமா, பிள்ளையைக் கடிக்குமா, தினம் எவ்வளவு தூரம் ஓட விடவேண்டும், தயிர்சாதம் தின்னுமா, செலவு எவ்வளவு, அந்தப் பக்கம் நல்ல பள்ளிக்கூடம் எது. எடுக்கலாம். மற்றதற்கெல்லாம் அப்புறம் வருகிறேன். அந்த ஓட்டக் கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

ஓட விடவே வேண்டாம். ஸ்பிரிங்வேலில் சாண்டவுன் பார்க் என்று நாய்ப் பந்தயத் திடல் இருக்கிறதே, உங்களுக்குப் பக்கம்தான், ஒரு வியாழக்கிழமை இரவு போய்ப் பாருங்கள். 515 மீட்டர் பந்தயம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எட்டு நாய் பெட்டிக்குள்ளிருந்து பாயும். நீங்கள் காபியை ஒரு வாய் குடித்து நிமிர்வதற்குள் எல்லைக்கோடு தாண்டியிருக்கும். மீதி நேரமெல்லாம் கூண்டில் படுத்துக் கிடக்கிற பிறவிகள் அவை. வீட்டுக்கு வந்தாலும் நாளில் முக்கால்வாசி தூக்கம்தான். மல்லாந்து, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு, சோபா முழுக்க. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, அதற்கே எங்கள் வீட்டு கிரேஹவுண்ட் பாண்டி ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி எழுந்து வருவான்.

ஆனால் அந்த நடையில் கயிறு உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. நம் விக்டோரியா மாநிலத்தில் சட்டமே அதுதான்: மற்ற நாய்களை அவிழ்த்துவிடுகிற பூங்காவிலும் கிரேஹவுண்டைக் கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும். வாய்க்கூடு போடுகிற கட்டாயம் 2019 ஜனவரி 1-ஆம் தேதியோடு போய்விட்டது, கயிறு போகவில்லை. போகவும் கூடாது என்பேன். மூக்கால் தேடுகிற நாய் இல்லை இது, கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு முயல் அசைந்தால் போதும், நாலு பாய்ச்சலில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம். அந்த நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாது. நடுவில் ரோடு இருப்பதும் தெரியாது. நின்ற பிறகு வீட்டுக்கு வழியும் தெரியாது, வளர்ந்தது எங்கோ பண்ணையில் அல்லவா.

நம்ம ஆட்களில் ஒருவர், "என் நாய் நான் சொன்னால் கேட்கும் சார்" என்று எல்லாரிடமும் பெருமை பேசுவார். ஓவல் என்கிற விளையாட்டு மைதானத்தில் அவிழ்த்துவிட்டார். காக்கட்டூ பறவைக் கூட்டம் ஒன்று எழும்பியது, நாய் கம்பிவேலியில் போய் விழுந்தது. தொடையில் ஒரு சாண் கிழிசல். இவற்றின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. வேறு நாய்க்குக் கீறல் விழுகிற இடத்தில் இதற்குத் தையல் விழும். மனிதர் இன்றைக்கும் வேலியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கழுத்துப் பட்டையும் கவனம். இவற்றுக்குத் தலையை விடக் கழுத்து தடிமன். சாதாரணப் பட்டை என்றால், பயந்து பின்னால் ஓரடி வைத்தாலே தலைவழியே கழன்றுவிடும். இழுத்தால் அளவாக இறுகுகிற மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். எங்கள் தாத்தா கன்னி நாய் வைத்திருந்தார். சிப்பிப்பாறையும் கன்னியும் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஊர் கிரேஹவுண்ட் எம்மாத்திரம் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் இங்கே சொல்வதுண்டு. உடம்புவாகு ஒன்றுதான், அதே ஒட்டின வயிறு, அதே நீண்ட மூஞ்சி. சுபாவம் வேறு. சிப்பிப்பாறை வீட்டு ஆளிடம் உயிரை விடும், வெளியாளை அண்டவிடாது. இது குட்டியிலிருந்தே பத்துப் பேர் கைபட்டு வளர்ந்தது; பல்லைப் பிடித்துப் பார்த்திருப்பார்கள், தூக்கி எடை போட்டிருப்பார்கள், காதில் அடையாள எழுத்து பச்சை குத்தியிருப்பார்கள். அதனால் யார் தொட்டாலும் சும்மா நிற்கும். திருடன் வந்தாலும் போய்ச் சாய்ந்துகொண்டு நிற்கும். காவலுக்கு என்று நினைத்தால் வேறு நாய் பாருங்கள்.

அதற்குத் தெரியாதது வீடுதான். பாண்டி வந்த அன்று சமையலறை டைல்ஸில் நாலு கால் வைத்தான், வழுக்கியது, அவ்வளவுதான். கால்களை அகட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டான். நாற்பது வினாடியில் ஒரு கோழித்தொடையைக் காலி செய்கிறவன், கண்ணுக்கு முன்னால் கோழியைக் காட்டியும் வரவில்லை. என் மனைவி யோகா பாயைக் கொண்டுவந்து விரித்தாள், அப்புறம் பரணிலிருந்த கோரைப்பாய், அப்புறம் கார் மிதியடி. வாசல்வரை பாலம் போட்ட பிறகு அதன் மேல் நடந்து வந்தான். கண்ணாடிக் கதவு இருப்பது தெரியாமல் மோதும். கண்ணாடியில் ஒட்டுத்தாள் ஒட்டிவையுங்கள். மாடிப்படியைப் பார்த்திருக்காது. பஞ்சு மாதிரி குட்டி வெள்ளை நாயைக் கண்டால் அதுவும் நாய்தான் என்று புரியாமல் முறைக்கும், ஏனென்றால் பழகியதெல்லாம் தன் இனத்தோடு மட்டும். பூனை இருக்கிற வீடு என்றால் தத்து கொடுக்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இங்கே பந்தய வாரியமே 1996-லிருந்து கேப் என்று ஒரு தத்துத் திட்டம் நடத்துகிறது. அது தவிர தனியார் அமைப்புகளும் உண்டு. ஒவ்வொரு நாயின் குணத்தையும் பார்த்து வைத்திருப்பார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள்.

பிள்ளையைக் கடிக்குமா என்றால், தூங்கும்போது தொடாத வரைக்கும் பயம் குறைவு. கூண்டில் தனியாகத் தூங்கிப் பழகிய நாய். தூக்கத்தில் யாராவது மேலே விழுந்தால் திடுக்கிட்டுச் சீறும், சிலது பல்லும் வைக்கும். கண் திறந்துகொண்டே தூங்குவதும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலையைத் தூக்கிய பிறகுதான் கிட்டே போகவேண்டும் என்று மகளுக்குப் பாடமாகச் சொல்லுங்கள். அதன் படுக்கை அதற்கு மட்டும்தான்.

நான் வந்தபோது நோபிள் பார்க்கில் ஆறு பேர் ஒரு வீட்டில். ஹாலில் கார்ப்பெட் மேல் தூக்கம், குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும். வேலையிடத்தில் ஒரு வியட்நாம்காரர், வயதானவர், பேசவே மாட்டார், ஒரு வியாழன் விடுமுறையில் சாண்டவுனுக்குக் கூட்டிப் போனார். ஒன்றாம் நம்பருக்குச் சிவப்பு, நாலுக்கு நீலம், எட்டுக்கு இளஞ்சிவப்பு என்று சட்டை மாட்டி நாய்களை வரிசையாக நடத்திக் கூட்டி வந்தார்கள். ஒல்லியாக, கறுப்பாக ஒன்று ஏழாம் நம்பர் சட்டையில் வந்தது. தாத்தாவின் கன்னியே நேரில் வந்தது மாதிரி இருந்தது எனக்கு. ஐந்து டாலர் கட்டினேன், கடைசியில் வந்தது. வியட்நாம்காரர் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார். தோற்கிற நாய்கள் எங்கே போகும் என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். அந்தக் கேள்விக்கான பதில் இந்த நாட்டுக்கே 2015-க்குப் பிறகுதான் உறைத்தது. அந்த வருடம் உயிருள்ள முயலையும் போசம் என்கிற இந்த ஊர் மரவிலங்கையும் கட்டி வைத்து நாய்களைப் பழக்கியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். 2016-ல் நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் மைக் பேர்ட் பந்தயத்தையே தடை செய்யப்போவதாக அறிவித்து, மூன்று மாதத்தில் பின்வாங்கினார். கான்பெரா 2018-ல் நிறுத்தியே விட்டது. இங்கே இன்னும் நடக்கிறது.

சரி, எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது நாயை என்ன செய்வீர்கள்? நம்மவர்கள் ஆறு வாரம் போகிறோம், அதே ஆறு வாரம் இந்த ஊரே விடுமுறையில். நாய்விடுதிகள் எல்லாம் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். "நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்கிற நண்பர்கள் நாயைக் கண்டாலே சோபாவில் ஏறுகிறவர்கள். கடைசியில் நவம்பர் மாதம், "நாய் எங்களுக்குச் சரிப்பட்டு வரவில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு டிக்கெட் எடுப்பார்கள். பிப்ரவரியில் திரும்பி வந்து ஐயாயிரம் டாலரில் கவூடுல் என்கிற கலப்பின நாய்க்குட்டி வாங்கிப் படம் போடுகிற குடும்பத்தையும் எனக்குத் தெரியும். எனக்கு எதிர்வீட்டு கிரேக்கப் பாட்டி வாய்த்தார். அவர் பேரன் கல்யாணத்துக்கு மெல்பர்னை விட்டுப் போனால் அவருடைய தோட்டத்துக்கு நான் தண்ணீர் விடுவேன், நான் ஊருக்குப் போனால் பாண்டி அவர் வீட்டில். இப்படி ஒரு ஆளைப் பிடித்த பிறகு நாயைப் பிடியுங்கள்.

தயிர்சாதம் ஒரு பிடி கொடுத்தால் ஒன்றும் ஆகாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. நம்ம வீட்டில் சாம்பாரில் ஒன்று, கேசரியில் ஒன்று, ஒளிந்தே இருக்கும். விருந்தாளிகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மேடை மேல் வைத்த வடைக்கு அதன் வாய் எட்டும். வைத்தியரிடம் போனால் கிரேஹவுண்ட் ரத்தத்தைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். இவற்றுக்குச் சிவப்பணு கூடுதலாகவும் தட்டணுவும் தைராய்டு அளவும் குறைவாகவும் இருப்பதே இயல்பு. ஒருவர் பாண்டிக்கு ஆயுசுக்கும் தைராய்டு மாத்திரை எழுதப் பார்த்தார், வேறொருவரிடம் காட்டித் தப்பினோம்.

செலவு உங்கள் வைத்தியரைப் பொறுத்தது. பள்ளிக்கூடம் பற்றி என்னைக் கேட்காதீர்கள், அதற்கென்றே நம்மவர்களில் நூறு பேர் இருக்கிறார்கள். வாடகை வீடு என்பதால் ஒன்று மட்டும்: ஏஜென்ட் "நாய் கூடாது" என்று போனில் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். 2020 மார்ச் 2 முதல், காரணமில்லாமல் மறுக்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. அனுமதிப் படிவத்தை எழுத்தில் கொடுங்கள். மறுப்பதென்றால் 14 நாளுக்குள் அவர்தான் விகேட் என்கிற மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். படிவத்தில் இனம் என்ற இடத்தில் கிரேஹவுண்ட் என்று எழுதி, பக்கத்திலேயே நாள் முழுக்கத் தூங்கும் என்றும் எழுதிவிடுங்கள்.